பங்களாத் தோட்டத்தில் ஒரு தற்செயல்

பங்களாத் தோட்டத்தைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர்கள் உலகத்தில் இல்லை என்று நான்காம் வகுப்பில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் இருந்தது. ஒரு காலத்தில் அது யாரோ ஒரு பெரிய குடும்பத்தின் தோட்டம். மெட்ராஸில் இருந்துகொண்டு மாம்பழ சீசனுக்கு மட்டும் வந்து தங்குவார்களாம். பிறகு அவர்கள் வருவதும் நின்றுபோக, அரசாங்கம் எடுத்துப் பூங்காவாக்கி, சிமெண்டு மான்களையும் ‘புல்லில் நடக்காதீர்’ பலகைகளையும் நட்டுத் திறந்துவிட்டது. எனக்காகத்தான் திறந்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பள்ளிக்கூடம் தோட்டத்தின் பின்மதிலை ஒட்டி இருந்தது. முன்கேட்டில் சிங்கம் உட்கார்ந்த தூண்களும் டிக்கெட் கிழிப்பவரும் உண்டு. பின்கேட்டில் ஒருவரும் கிடையாது. பழைய நாளில் மாட்டுவண்டி போய்வந்த வழி அது. வெளியே கம்பெனி பஸ்கள் நிற்கும் சாலை. நாங்கள் அந்த வழியாகத்தான் உள்ளே போவோம், துரத்தினால் ஓடி வருவோம். அங்கே நின்று உள்ளே பார்த்தால் இருபுறமும் நாவல் மரங்கள் வைத்த நேரான பாதை தெரியும். அதன் கடைசியில் பங்களா, பங்களாவின் நெற்றியில் ஒரு பெரிய கடிகாரம். அது ஓடாது. எப்போது பார்த்தாலும் ஐந்தேகால். புதிதாக வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தங்கள் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். நான் ஓடிப்போய் விஷயத்தைச் சொல்லுவேன். யாரும் கேட்காமலே இதை ஒரு பொறுப்பாகச் செய்துவந்தேன்.

என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். ஒரகடத்தில் லாரி செய்யும் கம்பெனி, நாலைந்து பேரோடு ஓர் அறை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மண்ணூரில் எங்கள் வீட்டில் சாப்பாடு. அம்மாவும் அந்தப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். நான் மட்டும் இங்கேயே பிறந்து, ‘இன்னா’ என்று பேசி அம்மாவிடம் குட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். மாமாவுக்குப் பெண் தேடும் படலம் ரொம்ப நாளாக நடந்துகொண்டிருந்தது. ஜாதகம் பொருந்தும், உயரம் பொருந்தும். வேலை காண்ட்ராக்ட் என்று தெரிந்ததும் பெண் வீட்டார் போனை எடுக்க மாட்டார்கள். அந்த வருஷம்தான் மாமா பெர்மனென்ட் ஆனார். அம்மா மறுநாளே தரகரைக் கூப்பிட, அவர் ஓர் இடம் சொன்னார். இந்த இடமும் தவறினால் தன் தம்பி அறையில் சோறு பொங்கியே கிழவனாகிவிடுவான் என்று அப்பாவிடம் சொல்லி அழுதாள்.

பெண்ணும் அந்தப் பக்கம்தான். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்யும் கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் வாசம். அவளுடைய அப்பா ஊரிலிருந்து வந்து அவளை மணிமங்கலத்தில் தன் தங்கை வீட்டுக்கு அழைத்துப்போய் வைத்திருந்தார். வீட்டுக்கே போய்ப் பெண் பார்த்துவிட்டுப் பிறகு வேண்டாம் என்றால் பெண்ணுக்குத்தான் பேர் கெடும். ஆகவே இரண்டு குடும்பமும் ஒரு பொது இடத்தில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வது என்று முன்கூட்டியே முடிவாயிற்று. கோயில் என்றால் தெரிந்தவர்கள் கண்ணில் படும். "பங்களாத் தோட்டத்துல மாமரத்தாண்ட வந்து நின்னுகினு இருங்க. சும்மா காத்தாட வந்த மாதிரி இருக்கும்" என்று தரகர் இரண்டு பக்கமும் போனில் சொல்லிவிட்டு, வேறொரு தற்செயலை நடத்திவைக்கத் தாம்பரம் போய்விட்டார்.

தரகர் அந்தத் தோட்டத்துக்குள் கால் வைத்ததே இல்லை என்பது அங்கே போனதும் தெரிந்தது. மாம்பழத்துக்காகவே போட்ட தோட்டத்தில் மாமரத்தடி என்றால் எந்த மாமரத்தடி? மாமா தேய்த்த சட்டை கசங்காமல் ஒரு மரத்தடியில் நின்றார். அம்மா இன்னொரு மரத்தடிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். தேடுவது போலவும் தெரியக் கூடாது என்பதால் இலைகளை ரசிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டாள். தூரத்தில் இன்னொரு குடும்பமும் இதேபோல இலைகளை ரசித்துக்கொண்டு வந்தது. அந்த வெயிலில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு காற்று வாங்க வந்தவர்கள் நாங்கள் இரண்டு குடும்பம்தான். வாயைத் திறக்கவே கூடாது என்று அம்மா என்னிடம் சொல்லித்தான் கூட்டிவந்திருந்தாள். ஆனால் என்னுடைய தோட்டத்தில் இவர்கள் இப்படித் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நேராகப் போய், "நீங்கதானே பொண்ணு வூடு? எங்க மாமா அந்தாண்ட நின்னுகினு கீறாரு" என்றேன். தற்செயல் அத்தோடு முடிந்தது.

பெரியவர்கள் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். மழை, ஊர், யார் யாருக்கு என்ன உறவு என்று பேச்சு போயிற்று. மாமாவும் பெண்ணாக வந்திருந்த அந்த அக்காவும் நாலு வார்த்தை பேசட்டும் என்று கொஞ்ச தூரம் அனுப்பினார்கள். காவலுக்கு நான். எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுப்பதுதான் அந்த நடையின் காரணம் என்று சொன்னார்கள், நானும் நம்பினேன். ஐஸ் வரவில்லை. இருவரும் குடிதண்ணீர்க் குழாயடியில் நின்றுவிட்டார்கள். மாமா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள் என்று ஆரம்பித்தார். அந்த அக்கா நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"நான் வேலைய விடணும்னு நீங்கதான் சொன்னியளா?" என்று கேட்டாள்.

மாமா துடைப்பதை நிறுத்தினார். "நான் சொல்லல. எனக்குத் தெரியவே தெரியாது."

அவள் அவரையே ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு வேகமாகச் சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்கு அனுப்புவதில்லை என்று மாப்பிள்ளையின் அக்கா கண்டிஷன் போட்டிருக்கிறாளாம். நல்ல இடம் போய்விடுமே என்று அப்பா அப்போதே அவளை ஹாஸ்டலிலிருந்து கூட்டி வந்துவிட்டாராம். "மூணு நாளாச்சு. இன்னைக்கு ரெண்டாவது ஷிஃப்டு. இன்னைக்கும் போவலைன்னா பேர எடுத்துருவாவ." அன்றைக்கு ஞாயிறுதான், ஆனால் அவளுடைய கம்பெனிக்கு ஞாயிறு லீவு கிடையாது, ஆளுக்கொரு நாள் லீவு.

மாமா மணி பார்த்தார். பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார். தோட்டத்துப் பின்கேட்டில் என்றும், அது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை என்றும் அவள் சொன்னாள். இதற்காகவே பிறந்தவள் போல நான் கையைத் தூக்கினேன்.

மாமா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு, "தாகமா இருக்கு. நான் போயி தண்ணி வாங்கிட்டு வாரேன். மெதுவாத்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். தண்ணீர் பாட்டில் விற்கும் கடை பங்களா வாசலில், கடிகாரத்துக்கு நேர் கீழே இருந்தது. இங்கேயே குழாய் இருக்கிறது மாமா என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. குழாயில் சாய்ந்துகொண்டே தாகம் என்று சொல்லிவிட்டு அவ்வளவு தூரம் நடக்கிறவரை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

நான் அந்த அக்காவை மான்களுக்குப் பின்னால், உடைந்த நீரூற்றைச் சுற்றி, யாருக்கும் தெரியாத குறுக்கு வழியில் கூட்டிப்போனேன். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் பின்னால் ஓடி வந்தாள். பின்கேட்டுக்கு வந்ததும் கைப்பையிலிருந்து கம்பெனி அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். சரிகைப் புடவைமேல் நீல நாடா. அதை மாட்டியதும் அவள் முகமே தெளிந்துவிட்டது. தலையிலிருந்த மல்லிகையைக் கழற்றி என் பின்னலில் செருகினாள். "வேலை செய்யுற லைன்ல பூ வைக்க விடமாட்டாவ, நீ வச்சுக்கோ" என்றாள். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

பெரிய காரியம் முடித்த திருப்தியில் நிதானமாகத் திரும்பினேன். மாமா எனக்கு முன்பே வந்து, திறக்காத தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தார். தாகம் என்றவர் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. பெண் எங்கே என்று அம்மா கேட்க, அவர் குளத்துப் பக்கம் படகு பார்க்கப் போயிருப்பாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் அம்மாவின் கண் என் தலையில் இருந்த பூவில் விழுந்தது. படகு அந்தப் பக்கம், பின்கேட்டு இந்தப் பக்கம் என்று மாமாவைத் திருத்திவிட்டு, அக்காவை நானே பஸ் ஏற்றிவிட்டேன் என்று அறிவித்தேன். பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

யாரும் பாராட்டவில்லை. அந்த அக்காவின் அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தை மறுபடி துடைத்தார். அம்மாவிடம் கையெடுத்துக் கும்பிடப் போனார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, பெண் பார்க்க வந்த இடத்திலிருந்து ஓடுகிறவள் நாளைக்குக் குடும்பத்துக்கு ஆவாளா என்று சத்தமாகவே கேட்டாள். மாமா போய் அந்தப் பெரியவரின் கைகளை இறக்கிவிட்டு, பாட்டிலைத் திறந்து அவரிடம் கொடுத்தார். அப்புறம் அம்மாவிடம் வந்தார்.

"வேலைய விடணும்னு சொன்னது நீதானாக்கா?"

உன் நல்லதுக்குத்தான் சொன்னேன் என்றாள் அம்மா.

"காண்ட்ராக்டுல இருந்தப்ப, ஒரு நாள் போவலைன்னா பேர எடுத்துருவான்னு காய்ச்சலோட பஸ்ஸுக்கு ஓடியிருக்கேன். ஊரே பொறுப்பான பையன்னு சொல்லிச்சு. இவ ஓடுனா மட்டும் குடும்பத்துக்கு ஆவாதவளா?"

மாமா அம்மாவை எதிர்த்துப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. அம்மாவும் கேட்டதில்லை போலிருக்கிறது. ஜமக்காளத்தை உதறி மடித்தாள். அதற்குப் பிறகு பல நாள் மாமாவுக்குச் சோறு போட்டாளே தவிரப் பேச்சுக் கொடுக்கவில்லை.

இந்தக் கதையை இப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். அம்மா கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவந்து, கடைசியில் தானே மணிமங்கலத்துக்குப் போய்ப் பேசி முடித்தாள். அந்த அக்கா எனக்கு மாமியானாள். அதே கம்பெனியில் இன்றைக்கும் வேலை பார்க்கிறாள், புதிதாக வருகிற பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். தன் தம்பி பெண்டாட்டி ஒரு லைனையே கட்டி மேய்க்கிறாள் என்று அம்மா தெருவில் பெருமையடித்துக்கொள்கிறாள். கண்டிஷன் போட்டதை யாராவது நினைவுபடுத்தினால் மட்டும் அவளுக்கு அடுப்பில் ஏதோ வேலை வந்துவிடும்.

ஆனால் எனக்கு அதிகம் நினைவில் இருப்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. எதுவும் முடிவாகாத நேரம். மாமா வந்தார், அம்மா பேசாமல் பரிமாறினாள், சாப்பிட்டார். கை கழுவியதும் என்னைப் பங்களாத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். குளத்துக்கும் போகவில்லை, மான்களையும் பார்க்கவில்லை. பின்கேட்டைக் காட்டு என்றார். காட்டினேன். அந்த அக்கா எங்கே நின்றாள், எந்தப் படியில் ஏறினாள், ஏறும்போது என்ன சொன்னாள் என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல மாமா. பஸ்ஸு கெளம்பற வரைக்கும் பங்களா கடியாரத்தையே பாத்துகினு இருந்துச்சி. அது ஓடாதுக்கான்னு கத்தி சொன்னேன். அப்பவும் அங்கியே பாத்துகினு போச்சி."

மாமா திரும்பிப் பார்த்தார். நாவல் மரப் பாதையின் கடைசியில் கடிகாரம் ஐந்தேகால் காட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே தண்ணீர்க் கடைக்காரர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மாமா என்னை மறுபடி ஒருதரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். நடந்துபோய் அந்தக் கடை வாசலில் நின்றுகொண்டு, அங்கிருந்து பின்கேட்டைப் பார்த்தார். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சின்ன விஷயம் கூட ஒரே தடவையில் விளங்காத மாமாவை நினைத்துப் பொறுமையாக அதையும் சொன்னேன்.

அன்றைக்கு எனக்கு இரண்டு ஐஸ் கிடைத்தது. வழிகாட்டியதற்குத் தாமதமாக வந்த மரியாதை என்று வாங்கிக்கொண்டேன். ஆனாலும் என் மனசு கேட்கவில்லை. செல்போன் செய்கிற கம்பெனியில் வேலை, ஆனால் ஓடுகிற கடிகாரம் எது, நின்றுபோன கடிகாரம் எது என்றுகூடத் தெரியவில்லை. இப்படிப்பட்ட பெண்ணைக் கட்டிக்கொண்டு மாமா எப்படிச் சமாளிக்கப் போகிறார் என்று இரண்டாவது ஐஸ் தீரும்வரை கவலைப்பட்டேன்.