இரண்டு அடிகளுக்கு நடுவே

மார்ச் 2. ஆட்டம் 6, வெற்றி 0.
மார்ச் 9. ஆட்டம் 8, வெற்றி 3.
மார்ச் 16. ஆட்டம் 9, வெற்றி 5.

லிஃப்ட் மெக்கானிக்குக்கும் அவர் மனைவிக்கும் நடந்த சண்டைகளின் கணக்கு இது. வெற்றி என்றிருப்பது அவருடையது. சண்டை எல்லாம் டிவித் திரையில்தான். மற்றபடி அந்த வீட்டில் ஒருவர் குரல் உயர்ந்தது ஒரே ஒரு நாள். அது பின்னால் வரும்.

இருவரும் பழகியதே ஒரு வீடியோ கேம் கடையில். பல் செட் செய்யும் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. விரல்கள் அப்படிப் பறக்கும். பக்கத்தில் நின்று அடி வாங்கி வாங்கியே அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். பிறகு ஞாயிறு மதியங்கள் எல்லாம் அதற்கே போயின. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு லிஃப்ட் கதவு அவருடைய வலது கட்டைவிரலைக் கவ்வியது. காயம் ஆறிவிட்டது, விரல் மடங்கவில்லை. சண்டை விளையாட்டில் கண் இமைப்பதற்குள் நான்கு பொத்தானை அழுத்தவேண்டும். கன்ட்ரோலர்களைத் துணி சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். அவளும் அவற்றைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

மேகங்களுக்கு மேல் ஒரு நகரம். அங்கே காற்றை மிதித்து நடக்கும் மனிதர்கள். நிச்சயமான புதிதில் இருவரும் சேர்ந்து பார்த்த ஜப்பானிய அனிமே கார்ட்டூன் அது. அதை வைத்து ஒரு சண்டை விளையாட்டு வருகிறது, விற்பனைக்கு முன் மார்ச் முழுக்க இலவசமாக ஆடிப் பார்க்கலாம் என்றதும், அவளே ஸ்டூல் போட்டு ஏறிக் கன்ட்ரோலர்களை இறக்கினாள்.

முதல் ஞாயிறு அவருக்கு மூச்சு விடவே நேரம் கிடைக்கவில்லை. குடைக்காரியை அவள் எடுத்துக்கொண்டாள். அவருக்கு நீண்ட அங்கி போட்ட விளக்குக்காரன். லேசான அடிக்கு ஒரு பொத்தான், பலமான அடிக்கு ஒன்று, விலகித் தப்பிக்க ஒன்று. அமைப்பு எளிமைதான். ஆனால் அவர் ஒன்றை அழுத்துவதற்குள் குடை மூன்று முறை விரிந்து மூடியது.

"என்ன லிஃப்டு, நடுமாடியில நின்னுட்டியா?" என்றாள்.

"ஆள் வரட்டும்னு நிக்கறேன்," என்றார். சிரித்தார். ஆனால் அன்று காபியை ஆறவிட்டுத்தான் குடித்தார்.

இரண்டாம் ஞாயிறு விளையாட்டே வேறாக இருந்தது. விளக்குக்காரனின் பலமான அடி குடைக்காரியின் தோளில் பட்டதும் திரை முழுக்கத் தண்ணீராகிவிட்டது போலிருந்தது. சத்தம் எங்கோ ஆழத்துக்குப் போனது. அவளுடைய கூந்தல் நீர்ச்செடி போல மெல்லப் பிரிந்து விரிந்தது. விளக்கிலிருந்து சிந்திய பொறிகள் விழ மனமில்லாமல் அப்படியே நின்றன. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி மிதந்தார்கள். அந்த மிதப்புக்குள் அவர் கட்டைவிரலை நகர்த்தி, அடுத்த பொத்தானைத் தேடி, அழுத்தினார். பட்டது. மறுபடி தண்ணீர்.

சன்னல் திரைச்சீலை அசைவது கூட அன்று மெதுவாகத்தான் இருந்ததாக அவருக்குத் தோன்றியது.

இது எங்கிருந்து வந்தது என்று அவர் யோசிக்காமல் இல்லை. புது லிஃப்டை மாட்டினால் முதல் வாரம் அப்படியே ஓடவிடுவார்கள். ஒவ்வொரு தளத்திலும் குலுங்கும். பிறகு மெக்கானிக் போய், தளம் நெருங்கும்போது வேகம் குறையும்படி சரிசெய்வார். இதையும் அப்படி யாரோ முதல் வாரம் முடிந்து சரிசெய்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டார். இருபது வருடம் அதே வேலையைச் செய்தவருக்கு வேறு எப்படித் தோன்றும்?

மூன்றாம் ஞாயிறு ஒன்பதில் ஐந்து. அந்த வாரம் கிணறு போல இருண்ட லிஃப்ட் குழிகளுக்குள் நின்று எண்ணெய் போடும்போதும் அவர் உதட்டில் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

வியாழன் மாலை மைத்துனர் வீட்டுக்குப் போனார். அங்கும் அதே விளையாட்டு. "உன் அக்காவை அஞ்சு தடவை சாய்ச்சேன். உட்கார்," என்றார். மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி. தண்ணீரே வரவில்லை.

"என்ன அத்தான், ஊரையே மேல ஏத்தி இறக்கறவரு, இங்க தரையை விட்டு எழுந்திரிக்கவே மாட்டேங்கறீங்க?"

"உன்னுது கெட்டுப்போச்சு. அடிச்சதும் மிதக்கணும், மிதக்கவே இல்லையே."

"அதுவா? அது தானா வராது அத்தான். செட்டிங்ஸ்ல போய் நாமதான் போட்டுக்கணும். சும்மா வச்சிருக்காங்க, யாரும் போடறதில்ல."

அவர் கன்ட்ரோலரை மெதுவாகக் கீழே வைத்தார். யார் போட்டிருப்பார்கள் என்று கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ஞாயிறு வரை வாய் திறக்கவில்லை. மதியம் அவள் டிவியைப் போட்டதும்தான் வெடித்தார். "நான் என்ன சின்னக் குழந்தையா? ஜெயிக்க வச்சு வேடிக்கை பாக்கறியா? அஞ்சு தடவையும் நீ போட்ட பிச்சைதானே!"

அவள் ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

"சொல்லாம போட்டது தப்பு, ஒத்துக்கறேன்," என்றாள். "சொன்னா கன்ட்ரோலரை மறுபடி துணி சுத்தி வச்சிருப்பீங்க." மரியாதை வந்தால் அவளுக்குக் கோபம் என்று அர்த்தம். "ஆனா விட்டுக்கொடுத்தேன்னு மட்டும் சொல்லாதீங்க. உங்களுக்கு மட்டுமா மெதுவாச்சு? நானும்தானே மிதந்தேன்?"

"உன் விரலுக்கு அது எதுக்கு?"

"அதான் சொல்றேன். வேகமா ஆடும்போது நான் யோசிக்கறதே இல்ல, விரலே பாத்துக்கும். மிதக்கும்போது யோசனை வந்துடுது. இடதா, வலதா, விலகவா, அடிக்கவான்னு தடுமாறி, தப்பாப் போடறேன். தோத்துட்டு ஒருநாள் ராத்திரி எனக்குச் சாப்பாடே இறங்கல, தெரியுமா?"

அவர் நம்பவில்லை. மிதப்பை எடுத்துவிட்டு ஆடினார்கள். வழக்கம்போல அவர் காலி. "இப்ப நீயே போடு," என்று செட்டிங்ஸைத் திறந்து கொடுத்தாள். அவரே போட்டார். இந்த முறை அவர் திரையைக் குறைவாகவும் அவளை அதிகமாகவும் பார்த்தார். தண்ணீர் சூழ்ந்ததும் அவள் நாக்கைக் கடித்தாள். வலது கட்டைவிரல் எழுந்து, தயங்கி, இறங்கி, தப்பான பொத்தானில் விழுந்தது. "சே!" என்று தொடையில் அடித்துக்கொண்டாள். அப்படி யாராலும் நடிக்க முடியாது. விளக்குக்காரன் ஜெயித்தான்.

"இன்னொண்ணு," என்றாள், பல்லைக் கடித்தபடி. அவருக்கு நெஞ்சு லேசானது. குடையும் விளக்கும் அந்தி வரை நீருக்கடியில் ஒன்றையொன்று சுற்றி வந்தன.

மாதக் கடைசியில் சோதனை ஆட்டம் முடிந்தது. மிதப்பை மிகச் சிலரே போட்டார்கள், அதனால் அது விற்பனைக்கு வரும்போது இருக்குமா என்பது இன்னும் முடிவாகவில்லை என்று நிறுவனம் அறிவித்தது. இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிறுவனத்துக்கு எழுதினார்கள். அவர் சொன்னார், அவள் தட்டச்சு செய்தாள். நடுநடுவே தன் பங்குக்கும் சேர்த்துக்கொண்டாள். வேகமான விரலுக்கும் மடங்காத விரலுக்கும் நியாயமாகச் சண்டை நடக்கிற ஒரே இடம் அந்த இரண்டு அடிகளுக்கு நடுவில்தான் என்று எழுதினார்கள். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் அதைப் போடமுடிவது மட்டும் குறை என்றும் எழுதினார்கள். அந்த வரி அவருடையது. அவள் முறைத்துவிட்டு அதையும் தட்டினாள்.

கிடைத்தது என்று ஒரு பதில் வந்தது. பரிசீலனையில் இருக்கிறது என்று இன்னொன்று. மிதப்பு இருக்கும், ஆட்டம் தொடங்கும் முன் இருவரும் சம்மதம் என்று அழுத்தினால் மட்டும், என்று சொன்ன கடைசிக் கடிதம் வந்தது ஏப்ரல் 24, வியாழக்கிழமை.