ஊசியக்கா தைத்த பேய்க்கதை

அச்சகத்தில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புத்தகம் தைப்பது வேலை. வாயும் அப்படித்தான் குத்தும். கல்யாணம் என்று ஒன்றை அவள் நினைத்துப் பார்க்கவே நேரம் இருக்கவில்லை. தாயும் தகப்பனும் போன பிறகு, தாள் மடித்த கையாலேயே தங்கையை ஆளாக்கினாள், ஒருவனுக்குக் கட்டியும் கொடுத்தாள்.

அந்தத் தங்கை புருஷன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து விழுந்து செத்தாள். தள்ளியது அவன்தான் என்று ஊசியக்கா கோர்ட்டில் நின்று அடித்துச் சொன்னாள். சாட்சி இல்லை என்று அவனை விட்டுவிட்டார்கள். குழந்தையும் அவனோடு போய்விட்டது. சனிக்கிழமை மட்டும் மகளைப் பெரியம்மாவிடம் விட்டுப்போவான். அந்த ஒரு நாளுக்காக மற்ற நாட்களை அவள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அந்த அச்சகத்துக்குப் பேய் நாவல் எழுதுகிற ஒருவர் வந்துபோவார். பேய் சார் என்று பெயர். ஒருநாள் அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, உங்க தங்கச்சி கதைய நான் எழுதிக்கட்டுமா?"

"எழுதி என்னத்தக் கிழிக்கப்போறீங்க?"

"பேயும் இருக்கு, போலீசும் இருக்கு, நடுவுல கொஞ்சம் காதலும் இருக்கு. செத்தவ திரும்பி வந்து பழி தீர்க்கிறா."

ஊசியக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அவன் சாகணும். படிச்சா அது தான்தான்னு அவனுக்கே தெரியணும்."

தெரிவதற்காக எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தாள். தங்கை ஈரத் தலையைத் துவட்டாமல் வீடெல்லாம் சொட்டச் சொட்ட நடப்பது. பிள்ளையின் புருவத்தில் இருக்கும் தழும்பு. அதை வைத்துப் பிள்ளையையே அவள் நிலாத்துண்டு என்று கொஞ்சியது.

பக்கங்கள் அச்சாகி வர ஆரம்பித்தன. பதினாறு பக்கம் ஒரு தாளில் வரும்; மடித்தால் ஒரு பாரம். மடிக்கிற சாக்கில் ஊசியக்கா எல்லாவற்றையும் படித்தாள். ஈரத் தலையோடு ஒருத்தி படியேறி வந்தாள். அவன் வியர்த்தான், அலறினான். படிக்கப் படிக்க இவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"என்னக்கா, பேய் கீய் பிடிச்சிருச்சா?" என்றான் மெஷின்காரன்.

"பிடிச்சா நல்லாத்தான் இருக்கும்," என்றாள். அவன் சிரித்தான். தங்கை அவள் கனவில்கூட இதுவரை வந்ததில்லை.

கடைசிப் பாரம் ஒரு சனிக்கிழமை மெஷினில் ஏறியது. மை சரியாகப் பிடிக்கும்வரை ஓட்டிப் பார்க்கிற தாள்கள் ஒரு பக்கம் மட்டும் அச்சாகிக் கழிந்துவிடும். அவற்றின் வெள்ளைப் பக்கத்தில் படம் போடப் பிள்ளைக்குக் கொடுப்பது ஊசியக்காவின் வழக்கம். அன்றைக்கும் படித்துப் பார்க்காமலே ஒரு கத்தையைத் தூக்கிக் கொடுத்தாள். பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிவிட்டாள் என்று அச்சகம் முழுக்கப் பெருமை பேசியவளும் அவளேதான்.

பிள்ளை மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். பென்சில் ஓடவே இல்லை.

"பெரியம்மா, பாதி எழுத்து தலைகீழா இருக்கு."

"மடிச்சா நேராயிடும். நீ படம் போடு கண்ணு."

கொஞ்ச நேரம் கழித்து, "நிலாத்துண்டுன்னா நான்தானே?"

ஊசி பாதியில் நின்றது.

"அம்மா எனக்குள்ள வந்திருக்காங்களாம். நான் அப்பாவ மாடியிலேருந்து தள்ளிடுறேனாம்."

ஊசியக்கா தாளைப் பிடுங்கிப் படித்தாள். அவள் கேட்டபடியே கதையில் அவன் செத்திருந்தான். பேய்க்குக் கை வேண்டுமே என்று பேய் சார் பிள்ளையின் கையை எடுத்துக்கொண்டிருந்தார்.

பிள்ளை அழவில்லை. பள்ளிக்கூடத்தில் சந்தேகம் கேட்பதுபோல் கேட்டாள். "நான் தூங்குறப்ப அம்மா வருவாங்களா? எனக்குத் தெரியாமலே தள்ளிடுவேனா? அப்பா செத்துட்டா எனக்கு யாரு சடை பின்னுவாங்க?"

அவன் பின்னிவிடும் சடை கோணல் மாணலாகத்தான் இருக்கும்.

"அது சும்மா பொய்க்கதை கண்ணு."

"பொய்யில என் தழும்பு எப்படி வந்துச்சு?"

"நான் சொன்னேன்."

"அப்பா அம்மாவத் தள்ளிவிட்டாங்கன்னும் நீங்கதான் சொன்னீங்களா?"

"ம்."

"நீங்க பார்த்தீங்களா?"

மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஊசியக்கா குனிந்து மேசைக்கு அடியில் போய்ப் பிள்ளையோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

"இல்ல. பார்க்கல. அம்மா கால் வழுக்கி விழுந்துட்டா. யாரும் தள்ளல."

அவனுடைய வக்கீல் சொன்ன வார்த்தை அது. அன்றைக்கு அதைக் கேட்டுக் கோர்ட் வாசலில் மண்ணை வாரித் தூற்றியவள் இவள். தங்கையைத் தானே இன்னொரு முறை தள்ளிவிட்டதுபோல் இருந்தது.

"நெசமாவா?"

"நெசமா."

"அப்போ அம்மா கோவமா இல்லையா?"

"உன் மேலயா? அவ ஏன் கோவப்படப்போறா? வழுக்கிட்டா, அவ்வளவுதான்."

சாயங்காலம் வாசலில் ஹாரன் கேட்டது. பிள்ளை வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடிமேல் இறுக்கிக் கோத்து வைத்திருந்தாள், அப்பா மேல் பட்டுவிடக் கூடாது என்பதுபோல்.

"பிடிச்சுக்க கண்ணு," என்றாள் ஊசியக்கா. "அப்பாவ நல்லாப் பிடிச்சுக்க."

பிள்ளை பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் ஒவ்வொரு கையாகக் கொண்டுபோய் அவன் இடுப்பைச் சுற்றிப் போட்டாள். வண்டி கிளம்பியது. பிடி தளரவில்லைதானே என்று தெருமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள் ஊசியக்கா.