ஐந்து மணி நேர லண்டன்

மகளுக்கு எட்டு மாதம் ஆனபோது, லண்டனில் வேலையிலிருந்த கணவரிடம் போகப் பயணச்சீட்டு வந்தது. சென்னையில் காலை பத்துக்கு விமானம், அங்கே பிற்பகல் மூன்றுக்கு இறங்கும் என்று போட்டிருந்தது. கணக்கில் பட்டம் வாங்கியவள் நான். திரும்பத் திரும்பக் கழித்துப் பார்த்தும் ஐந்து மணி நேரம்தான் வந்தது.

"மெட்ராஸ் போகவே ஒரு ராத்திரி ஆகுது. அதுக்கு லண்டன் பக்கந்தான் போல," என்று மாமனார் சிரித்தார். எனக்கும் தைரியம் வந்தது. கணவர் தொலைபேசியில் பேசும்போது இங்கே இருட்டியிருக்கும், அங்கே வெயில் அடிக்கும் என்பது தெரியும். ஆனாலும் அதையும் பயணச்சீட்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

என் கவலையெல்லாம் பால்தான். தாய்ப்பால் நின்றுவிட்டது. அவளுக்கு ஒரே ஒரு பால்மாவுதான் ஒத்துக்கொள்ளும். இரண்டு வேளைக்கு அளந்து வைத்தேன். மனசு கேட்காமல் இன்னொரு வேளையும் சேர்த்தேன். மீதி டப்பாக்கள் பெரிய பெட்டிக்குள் போய்விட்டன.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயிலுக்குக் கிளம்பும் நேரம் ராகு காலம். அதனால் காலையில் நல்ல நேரம் பார்த்து, குழந்தையின் பையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார் மாமியார். பை வாசல் தாண்டிவிட்டால் பயணம் கிளம்பிய மாதிரி. பக்கத்து வீட்டு அக்கா சௌராஷ்டிரக் குடும்பம். நான் திருநகருக்கு வாழ வந்த நாளிலிருந்து எனக்கு அக்காதான். பையைச் சாமி அலமாரிக்குக் கீழே வைத்துக்கொண்டார். சாயங்காலம் ஆட்டோவில் ஏறும்போது அவரே கொண்டுவந்து கொடுத்தார். பை காலையில் இருந்ததைவிடக் கனத்தது. தூக்கமில்லாத கை, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

விமானத்தில் முன்னால் ஒரு திரை. அதில் சின்ன விமானம் வரைபடத்தின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. இரண்டாவது வேளை கொடுத்து முடித்து, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று நிமிர்ந்தால், போக வேண்டிய தூரம் நாலாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர், இன்னும் ஆறு மணி நேரம் என்று காட்டியது. திரை பழுதோ என்று பணிப்பெண்ணிடம் கேட்டேன். மொத்தம் பத்தரை மணி நேரம், லண்டன் கடிகாரம் நமக்குப் பின்னால் ஓடுகிறது என்றாள். கையில் ஒரு வேளைப் பால். மடியில் ஒன்றும் அறியாமல் என் தாலிக்கொடியைச் சப்பிக்கொண்டிருக்கிறாள் மகள்.

வேறு ஏதாவது வைத்தேனா என்று பையைக் கொட்டித் தேடினேன். அடியில், மடித்த துணிகளுக்குள், பிரிக்காத பால்மாவு டப்பா ஒன்று. அதே மாவு. கூடவே நான் வைக்காத நான்கு பருத்தித் துணிகள், பழைய புடவையில் கிழித்து ஓரம் தைத்தவை. அந்தப் புடவையை எனக்குத் தெரியும். பணிப்பெண் வெந்நீர் கொண்டுவந்தபோது அந்தத் துணிகளில் ஒன்றை மகளின் கழுத்தடியில் விரித்துக்கொண்டிருந்தேன்.

இறங்கிய மறுநாள் முதல் வேலையாக அக்காவுக்குப் பேசினேன். எங்கள் வீட்டிலிருந்து வந்த பை லேசாக இருந்ததாம். அவர் வீட்டு அண்ணன் காளவாசல் பக்கம் போனபோது மருந்துக்கடையில் அதே மாவு ஒரு டப்பா வாங்கிவரச் சொன்னாராம். கைப்பிள்ளையோடு போகும்போது வழியில் வண்டி நின்றுபோனால் அந்த நேரத்துக்கும் சேர்த்துப் பால்மாவு கட்டிக் கொடுப்பதுதான் அவர்கள் வீட்டு வழக்கமாம்.

"எம்புட்டு நேரம் ஆச்சு?" என்று கேட்டார்.

"பத்தரை மணி நேரம்க்கா."

"அம்புட்டுத் தூரமா? தெரிஞ்சிருந்தா இன்னொரு டப்பா வச்சிருப்பேனே."