எட்டுப் பேர் ஏறக்கூடிய வான்

அன்னபூரணம் எழுவைதீவில் பிறந்து புளியங்கூடலில் வாழ்க்கைப்பட்டவள். கலியாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டுக்குக் கால்மாறிப் போன அன்று வள்ளத்திலேயே சத்தி எடுத்துவிட்டாள். மாமியார் ஆலத்தி எடுக்க முன்னரே கூறைச்சேலையை அலச வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து, ஊர்விட்டு ஊர் போவதென்றால் தண்ணீரைத் தாண்டுவது என்று அவளுடைய வயிறே முடிவெடுத்துவிட்டது. வள்ளம் இருக்கும், அல்லது லாஞ்சு இருக்கும். காரைநகர்ப் பக்கம் போவதென்றால் ஆட்களோடு வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் அகலமான மிதவை இருக்கும். அதை ஊரார் பாதை என்பார்கள். யாழ்ப்பாணம் போவதென்றால் தாம்போதி உண்டு, ஆனால் அதற்கும் இரண்டு பக்கமும் கடல். இடையில் கடலில்லாமல் வேறு ஊர் இருக்கலாம். வேறு நாடு எப்படி இருக்கும்?

இந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவை எண்பத்தாறாம் ஆண்டு, மூத்தவன் சிவபாதத்தின் கசற் வரும்வரை வரவுமில்லை.

சிவபாதம் எண்பத்துநாலில் ஜேர்மனிக்குப் போனவன். அடுத்த வருடம் இளையவன் இலட்சுமணன் சுவிசுக்குப் போனான். இரண்டு பேரும் கடிதம் எழுதப் பஞ்சிப்பட்டு, கசற்றில் பேசி அனுப்புவார்கள். அந்தக் கசற்றில் சிவபாதம் சுகம் விசாரித்து, பனிக்குளிரைத் திட்டி, கடைசியில் சொன்னான்:

"அம்மா, நான் ஒரு வான் வாங்கிட்டன். பழசுதான். எட்டுப் பேர் ஏறலாம். எல்லாரும் வெளிக்கிட்டு வாங்கோ. சுவிசுக்குப் போய்த் தம்பியையும் ஏத்திக்கொண்டு பிரான்ஸ் மட்டுக்கும் ஓடுவம்."

அதற்குப் பிறகு ஒரு சினிமாப் பாட்டு பாதியிலிருந்து தொடங்கியது. அன்னபூரணத்துக்கு அது கேட்கவில்லை. 'எல்லாரும்' என்ற சொல்லிலேயே அவள் நின்றுவிட்டாள். பிரான்சில் என்ன இருக்கிறது என்பது பற்றி அவளுக்கு அக்கறை இல்லை. நாலு பிள்ளைகளும் ஒரு வாகனத்துக்குள் இருக்க வேண்டும். தான் முன்னால் இருந்து திரும்பிப் பார்த்து நாலு தலையையும் எண்ண வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அது ஒரு தரம் நடந்துவிட்டால் அவர்கள் பிறகு எந்த நாட்டிலும் இருக்கட்டும்.

பயண ஏற்பாட்டைக் கணவர் பரமலிங்கம் கையிலெடுத்தார். கொழும்பில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்த பிறகு அவருக்கு ஏற்பாடு செய்ய ஒன்றும் கிடைக்காமல் இருந்தது. முருங்கை மரத்துக்குக் கீழே சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு, கடைசி மகள் நல்லம்மாவின் பள்ளிக்கூடத் தேசப்படப் புத்தகத்தை மடியில் விரித்து, ஐரோப்பாவை விரலால் அளந்தார். நல்லம்மாவுக்குப் பதினாறு வயது. அந்தப் பெயர் பிடிக்காமல் பள்ளிக்கூடத்தில் நளினி என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். வானில் யன்னல் கரை தனக்குத்தான் என்று முதல் நாளே அறிவித்தவள் அவள்தான்.

கடல் பிரச்சினையைக் கிளப்பியவள் மூத்த மகள் சறோஜினிதேவி. அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். தாய் தேசிக்காய் ஊறுகாயை இரட்டிப்பாகப் போடுவதைக் கண்டு காரணம் கேட்டபோது, ஜேர்மனிக்கும் சுவிசுக்கும் இடையில் ஒரு கடல், சுவிசுக்கும் பிரான்சுக்கும் இடையில் இன்னொரு கடல், சத்தி வராமல் இருக்கத்தான் என்று பதில் வந்தது. அந்த நாடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன என்று சறோஜினி விளக்கினாள். அன்னபூரணம் நம்பவில்லை. பரமலிங்கத்துக்கும் அது புதிய செய்திதான். ஆனால் மகளுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாமல் இருப்பது அவருக்கு ஒத்துவராது. படத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்து, சுவிசின் மேல்விளிம்பில் ஒரு நீலக் கோட்டைக் கண்டுபிடித்தார்.

அது ரைன் ஆறு என்றாள் சறோஜினி.

ஆறும் தண்ணீர்தான் என்றார் பரமலிங்கம். தண்ணீர் என்றால் துறை இருக்கும் என்றாள் அன்னபூரணம். துறை இருந்தால் வானை ஏற்றப் பாதையும் இருக்கும் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். சறோஜினிக்குத் திருத்த வேண்டிய கொப்பிகள் குவிந்து கிடந்தன. அவள் போய்விட்டாள்.

உண்மையில் அந்தக் கடல் அன்னபூரணத்துக்கு ஆறுதலாகவும் இருந்தது. பக்கத்துப் பக்கத்து நாட்டில் இருந்துகொண்டு அண்ணனும் தம்பியும் ஒரு நாளாவது சந்திக்கவில்லையே என்று ஊரில் சிலர் வாய் வைத்தபோது அவளிடம் பதில் இருந்தது. கடலென்றால் சும்மாவா? அங்கேயும் நேவி நிற்பான்தானே. ஊர்காவற்றுறைக் கரையில் நேவி நிற்கிற நாளில் இவள் எழுவைதீவுக்குப் போய்ப் பெற்ற தாயின் திவசத்தையே பார்க்க முடியவில்லை. பிள்ளைகள் பாவம், என்ன செய்வார்கள்?

ஏற்பாடு வளர்ந்தது. வீட்டில் யாருமே இவ்வளவு தூரம் வானில் போனதில்லை என்பதால் ஒத்திகை பார்ப்பது நல்லது என்று பரமலிங்கம் நினைத்தார். முற்றத்தில் கதிரைகளை வரிசையாக அடுக்கினார். போதாததற்குக் குசினி வாங்குப் பலகையும் வந்தது. முன்னுக்கு யார் இருப்பது என்பதில் முதல் நாள் முழுவதும் போயிற்று. படம் பார்த்து வழி சொல்லத் தான் முன்னுக்கு இருக்க வேண்டும் என்றார் அவர். தலை எண்ணத் தான் முன்னுக்கு இருக்க வேண்டும் என்றாள் அவள். பின்னுக்கிருந்தும் எண்ணலாம், பிடரிகளை எண்ணினால் போதும் என்று அவர் சொன்னதற்கு, முகத்தைப் பார்க்காமல் எண்ண அது என்ன தேங்காயா என்று கேட்டுவிட்டு அவள் முன் கதிரையில் குந்திவிட்டாள். பரமலிங்கம் படப்புத்தகத்தோடு ஊறுகாய்ப் போத்தலுக்குப் பக்கத்துக்குப் போனார்.

சிவபாதத்தின் சாரதி ஆசனம் வெறுமையாக இருப்பது வடிவில்லை என்று அடுத்த வளவு இளையதம்பியைக் கூப்பிட்டு இருத்தினார்கள். இளையதம்பி மாட்டு வண்டிக்காரர். கதிரையில் ஏறியதும் அவருடைய கால் தானாகவே மாட்டை உதைத்தது. ஒத்திகை நன்றாகத்தான் போனது. துறை வந்ததும் பரமலிங்கம் "இறங்குங்கோ" என்பார். பாதையில் வாகனத்தை ஏற்றும்போது ஆட்கள் இறங்கி நடந்துதானே ஏற வேண்டும்? எல்லோரும் இறங்கி, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, முற்றத்தின் மறுகரைக்கு நடந்துபோய் நிற்பார்கள். பரமலிங்கமும் இளையதம்பியும் கதிரைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து அங்கே அடுக்குவார்கள். எல்லோரும் சுவிசில் ஏறுவார்கள். நல்லம்மா மட்டும் வெட்கத்தில் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு இருப்பாள். ஆனாலும் யன்னல் கரையை விட்டுக்கொடுக்க மாட்டாள்.

இப்படிச் சுவிசிலிருந்து பிரான்சுக்குப் புறப்பட்ட ஒரு பின்னேரம் ஹெலிகொப்டர் வந்தது. தாழ்வாக வந்து வளவுக்கு மேலே சுற்றத் தொடங்கியது. வெட்டவெளியில் ஆட்கள் ஒரே திசையைப் பார்த்து வரிசையாகக் குந்தியிருப்பதை மேலேயிருந்து பார்த்தவனுக்கு என்ன விளங்கியிருக்குமோ தெரியாது. இளையதம்பிதான் முதலில் பாய்ந்தார். பிறகு பிள்ளைகள், பிறகு பரமலிங்கம். பதுங்குகுழிக்குள் போய்த் திரும்பிப் பார்த்தால் அன்னபூரணம் முன் கதிரையில் அசையாமல் இருந்தாள்.

"இஞ்சாரும், இறங்கி வாருமன்," என்று பரமலிங்கம் கத்தினார்.

"வந்தால் நீங்கள் இதிலை ஏறிவிடுவியள்," என்றாள் அவள்.

சறோஜினி ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஹெலிகொப்டர் ஒன்றும் செய்யாமல் கடல் பக்கம் திரும்பிப் போய்விட்டது. குழிக்குள் இருந்து ஏறியதும் பரமலிங்கம் எங்கே இருக்கிறார் என்றுதான் அன்னபூரணம் முதலில் பார்த்தாள்.

அடுத்த கசற் மாரி தொடங்கும் நேரத்தில் வந்தது. சிவபாதத்தின் குரல் தாழ்ந்து கிடந்தது. தன்னுடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை என்றான். முடியும்வரை தன்னைப் பதிந்திருக்கிற மாவட்டத்தை விட்டு வெளியே போக ஏலாது, போனால் பொலிஸ் பிடிக்கும். தம்பிக்கும் அப்படித்தான், அவன் சுவிசை விட்டு அசைய ஏலாது. வான் வாங்கும்போது தனக்கு இது தெரியாது. இப்போது அதைக் கடைத்தெருவுக்கும் அறைக்கும் இடையில்தான் ஓட்டுகிறான். விற்கத்தான் போகிறான். பெற்றோருக்கு விசா எடுப்பதும் இப்போதைக்கு நடவாது. பிறகு, தாயைத் தேற்றுவதாக நினைத்து இன்னொன்றையும் சொன்னான்:

"தம்பி எனக்குக் கிட்டத்தான் அம்மா இருக்கிறான். இஞ்சை ஆறு அந்தப் பக்கமாய் வளைஞ்சு போகுது. எங்கடை இடத்திலை தண்ணியே இல்லை. றோட்டுக்குக் குறுக்கை ஒரு தடி போட்டிருக்கு. அதுக்கு அங்காலை சுவிஸ்."

அன்னபூரணம் கசற்றைத் திருப்பிப் போடச் சொன்னாள். நல்லம்மா போட்டாள். தடி என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"கடல் இல்லையோ?"

"இல்லையெணை அம்மா. அண்டைக்கே அக்கா சொன்னவ."

"தடிக்கு ரண்டு பக்கத்திலையும்?"

வயலாக இருக்கும், அல்லது கம்பி வேலி போட்டிருப்பார்கள் என்றாள் சறோஜினி.

அன்னபூரணத்துக்கு அழுகை வருமென்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவளுக்குக் கோபம்தான் வந்தது. கடலுக்கு அவள் கோபிக்க மாட்டாள், பழகிய சாமான். ஆனால் காய்ந்த நிலத்தில், ஒரு தடிக்கு இந்தப் பக்கம் அண்ணனும் அந்தப் பக்கம் தம்பியுமாக ஒரு வருடம் இருந்திருக்கிறார்கள். இவள் அவர்களுக்காக இல்லாத ஒரு கடலை ஊரெல்லாம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அது பொலிஸ், அது சட்டம் என்று பரமலிங்கம் தொடங்கினார். அவள் நின்று கேட்கவில்லை. அந்த வீட்டில் இதைப் பேசி ஆகாது என்று இளையதம்பியின் மனைவி இலட்சுமிப்பிள்ளையிடம் சொல்லப் புறப்பட்டாள்.

புளியங்கூடலில் வளவுக்கு வளவு பனையோலை வேலி உண்டு. வேலிக்காக வெட்டுக்குத்து, வழக்கு எல்லாம் உண்டு. ஆனால் எந்த வேலியிலும் ஓர் ஆள் குனிந்து போகக்கூடிய ஓட்டை ஒன்று இருக்கும். அதைப் பொட்டு என்பார்கள். கறிவேப்பிலை அதனூடாகப் போகும், அடுப்புக்கு நெருப்பு போகும், கோள் போகும். நீதிமன்றத்தில் வழக்காடுகிற இரண்டு வீட்டார்கூட ஆண்கள் வாசல் படலையால் சுற்றிப் போக, பெண்கள் பொட்டால்தான் போய்வருவார்கள். அதை அடைக்க ஒருவருக்கும் தோன்றாது.

அன்னபூரணம் பொட்டுக்குள் தலையை நுழைத்து, பாதி உடம்பு இளையதம்பி வளவிலும் பாதி உடம்பு தன் வளவிலுமாக நின்றவள், அப்படியே பின்வாங்கி வீட்டுக்குத் திரும்பினாள். தலையில் ஓலைச் சருகு ஒட்டியிருந்தது.

வெறுங் கசற் ஒன்றைப் போடச் சொன்னாள். வழக்கமாக அவள் றெக்கோடருக்கு முன்னால் வெட்கப்படுவாள். யாராவது பின்னாலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். அன்று எல்லோரையும் கையால் தள்ளி வைத்துவிட்டுப் பேசினாள்.

"தம்பி சிவபாதம், அம்மா கதைக்கிறன். நீ தடியடிக்குப் போகாதை. அங்கை பொலிசு நிப்பான். வேலியைப் பிடிச்சுக்கொண்டு நட. வேலியெண்டால் அதிலை ஒரு பொட்டு இருக்கும். அந்தச் சனமும் ஆக்கள்தானே, அதுகளுக்கும் அயலட்டை இருக்கும். ஆரும் ஒருத்தி கறிவேப்பிலைக்குப் போய்வந்திருப்பாள். அதைத் தேடிப் பிடிச்சு வானைக் கொண்டுபோய் நிப்பாட்டு. தம்பிக்கும் சொல்லு. அவன் வந்து வானுக்குள்ளை ஏறி இருக்கவேணும். வெளியிலை நிண்டு கதைக்கிறது கணக்கில்லை."

ஜேர்மன்காரிக்குக் கறிவேப்பிலை எதற்கு என்று நல்லம்மா கேட்டாள். கசற்றில் அதுவும் பதிந்துவிட்டது. அனுப்பினார்கள்.

அடுத்த கசற் வரத் தை பிறந்துவிட்டது. அதைப் போட்டதும் முதலில் காற்று இரைந்தது. பிறகு இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் பேசின. ஒன்றை மற்றது அடக்கப் பார்த்தது. அன்னபூரணம் றெக்கோடருக்குக் கிட்டக் காதைக் கொண்டுபோனாள்.

பொட்டு இருந்தது. ஊருக்கு வெளியே, கிழங்குத் தோட்டத்தின் கடைசி அந்தலையில், கமக்காரன் உழவு இயந்திரம் கொண்டுபோக வேலியை விட்டிருந்த இடம். காவலுக்கு ஒருவரும் இல்லை. ஆனை நுழையக்கூடிய அகலம் இருந்தும் தம்பி குனிந்துதான் வந்தான் என்று சிவபாதம் சொன்னான். நான் குனியவில்லை, வழுக்கினது என்று இலட்சுமணன் இடையில் புகுந்தான். வானுக்குள் ஏறியிருந்தார்கள். ஏறியதோடு நிற்காமல் கொஞ்சத் தூரம் ஓடவும் பார்த்தார்கள். தோட்டத்துச் சேற்றில் வான் புதைந்துவிட்டது. அது யாருடைய பிழை என்பதில் கசற்றின் ஒரு பக்கம் முழுவதும் போயிருந்தது. கடைசியில் கமக்காரன் வந்து ஏசிக்கொண்டே உழவு இயந்திரத்தால் இழுத்துவிட்டிருக்கிறான். இருட்ட முன்னர் இலட்சுமணன் வந்த வழியே திரும்பிப் போய்விட்டான்.

பரமலிங்கத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வழக்குக் கிடக்கிற பிள்ளைகளை அடுத்தவன் தோட்டத்துக்குள் அனுப்பி வைத்தால் பொலிஸ் பிடிக்காமல் விட்டது தெய்வச் செயல் என்றார். அன்னபூரணம் மறுக்கவில்லை. பிழை யாருடையது என்று பிள்ளைகள் இருவரும் பிடுங்குப்படும் பக்கத்தைத் திரும்பவும் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊறுகாய்ப் போத்தலைத் திறந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். பிறகு வெறுங் கசற்றைப் போட்டுப் பேசத் தொடங்கினாள்.

"தம்பி, அந்த வானை வித்துப்போடாதை. ரண்டு பேர் ஏறியாச்சு. மற்ற ரண்டு பேரையும் அனுப்ப ஒரு வழி பாக்கிறன். நல்லம்மாவுக்கு யன்னல் கரையை விட்டு வை."