அழைப்புமணியில் அப்பா பெயர்

கல்லூரியில் எல்லோருக்கும் நான் கே. சுதா. அந்த 'கே' என்னவென்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். கருப்பையா என்று சொல்ல அவ்வளவு கூச்சம்.

ஜெர்மனியில் வேலை கிடைத்து, பான் நகரில் கட்டுப்படியான வாடகைக்கு ஒரு சின்ன வீடு பிடித்தேன். அழைப்புமணிக்குப் பக்கத்தில் ஒட்டுவதற்கு வீட்டுக்காரம்மா பெயர் கேட்டார். 'சுதா' என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதமாக ஒரு கடிதமும் வரவில்லை. விசா நீட்டிப்புக் கடிதம்கூடத் திரும்பிப் போய்விட்டது என்று தெரிந்ததும் பதறிவிட்டேன். வேலையே போயிருக்கும்.

மறுநாள் தபால்காரரை வாசலிலேயே மறித்தேன். அவர் ஓர் உறையைக் காட்டினார்.

"கருப்பையா என்று இங்கே யாரும் இல்லையே?"

பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் என் குடும்பப் பெயர்; இங்கே கடிதமெல்லாம் அந்தப் பெயருக்குத்தான் வரும். அது எனக்கு உறைக்கவே இல்லை.

"அது என் அப்பா பெயர்."

"அவர் இங்கேயா குடியிருக்கிறார்?"

"இல்லை. நான்தான் கருப்பையா" என்றேன். அந்தப் பெயரை அவ்வளவு சத்தமாக நான் சொன்னதே இல்லை.

அன்றே பெயரை மாற்றி ஒட்டினேன். போனில் அப்பாவிடம் சொன்னேன். மதுரையில் பதினோரு வாடகை வீடு மாறியவர் அவர். எல்லா வாசலிலும் வீட்டுக்காரர் பெயர்தான் இருந்தது.

"வாசல்லயாம்மா போட்டிருக்கு?"

"வாசல்லதான்ப்பா. ரோட்டுலருந்தே தெரியும்."

இங்கே எல்லோரும் அந்தப் பெயருக்கு ஸ்பெல்லிங் கேட்கிறார்கள். ஒவ்வொரு எழுத்தாக, அவசரப்படாமல் சொல்கிறேன்.