சம்பந்திக்கு ஸ்டென்ட், எங்களுக்கு பைபாஸா?

ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஆப்பிள் கொண்டு வருவார்கள். சாத்துக்குடி கொண்டு வருவார்கள். எங்கள் சம்பந்தி தன் இதயத்தையே கொண்டு வந்தார்!

ஆமாம்... ஒரு சி.டி.யில். போன வருடம் அவருடைய இதய ரத்தக் குழாய்களை எடுத்த ஆஞ்சியோகிராம் படம். அதைத் துணிப்பையில் பத்திரமாகச் சுற்றி, திருப்போரூரில் பஸ் ஏறி, செங்கல்பட்டில் இறங்கி, இதய டாக்டரின் அறை வாசலில் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

"டாக்டராண்ட இதப் போட்டுக் காட்டுவோம் சம்பந்தி. எனக்கு இன்னா செஞ்சாங்களோ, அதையே உங்களுக்கும் செய்யச் சொல்வோம். இதுல இன்னா பேஜாரு கீது?"

என் கணவர் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெம்பு வந்தது. எனக்கு இருந்த தெம்பும் போயிற்று.

இது நடந்து இரண்டரை மாதம் ஆகிறது. முடிவு தெரியாமல் எழுத மனம் வரவில்லை. இப்போது எழுதலாம்.

சம்பந்தி என்றால் என் மகள் நிவேதாவின் மாமனார். திருப்போரூரில் சிமென்ட், கம்பிக் கடை வைத்திருக்கிறார். சர்க்கரை நோய் கிடையாது. போன வருடம் கடையில் லோடு இறக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வேர்வை. பிள்ளைகள் லோடு வண்டியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். உடனே அடைத்த குழாயைத் திறந்து, ஸ்டென்ட் என்கிற சின்னக் கம்பிச் சுருளை வைத்தார்கள். நான்காம் நாள் வீடு. அடுத்த வாரம் கடை. ஊரே பேசியது.

என் கணவர் கல்பாக்கம் பக்கம் அரசு வேலையில் இருக்கிறார். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். பதினாறு வருடமாகச் சர்க்கரை. ஆனால் நெஞ்சுவலி? ஒரு நாள் கூட இல்லை.

திருக்கழுக்குன்றம் மலை ஏறியபோது பாதிப் படிக்கட்டில் உட்கார்ந்தார். "மூட்டு வலி. நீ போய்க்கிட்டே இரு" என்றார். நான் போகவில்லை. அவர் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். மூட்டு வலிக்கு யாராவது வாயால் மூச்சு விடுவார்களா?

மறுநாளே இழுத்துக்கொண்டு போனேன். ஈ.சி.ஜி., எக்கோ, கடைசியில் ஆஞ்சியோகிராம். மூன்று ரத்தக் குழாய்களிலும் அடைப்பு. இந்த வாரமே சேருங்கள், பைபாஸ் செய்ய வேண்டும் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார்: "ஹார்ட் அட்டாக் வந்த மனுஷனுக்கே ஸ்டென்ட்தான். அட்டாக்கே வராத எனக்கு நெஞ்சைப் பிளக்கணுமா?"

நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. போன் செய்த உறவினர்கள் எல்லோருக்கும் அப்படியே பட்டது. பெரிய ஆபத்துக்குச் சின்ன வைத்தியம், சின்ன மூச்சிரைப்புக்குப் பெரிய வைத்தியம் — எங்கேயோ ஏமாற்றுகிறார்கள் என்று ஆளாளுக்குத் தீர்ப்பு சொன்னார்கள். நம் ஊரில் எதைத்தான் ஒப்பிடாமல் விட்டோம்? பிள்ளையின் மார்க், மருமகளின் சமையல், பக்கத்து ஃபிளாட்டின் சோபா... இதயம் மட்டும் தப்புமா?

இன்னொரு சிக்கலும் இருந்தது. மகளுக்கு அப்போதுதான் ஏழாம் மாதம் பிறந்திருந்தது. வளைகாப்புக்குச் சம்பந்தி வீட்டில் தேதி குறித்தாகிவிட்டது. சரியாக மூன்று வாரம். பைபாஸ் என்றால் இவர் அன்றைக்குப் படுக்கையில்தான் இருப்பார். ஸ்டென்ட் என்றால் வேட்டி கட்டிக்கொண்டு வந்து நிற்கலாம். ஒரே மகள். ஸ்டென்ட் மேல் இவருக்கு அத்தனை ஆசை வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அப்படித்தான் நான் நினைத்தேன்.

சரி, டாக்டர் அறைக்கு வருகிறேன்.

டாக்டருக்கு நாற்பது வயதிருக்கும். சம்பந்தி நீட்டிய சி.டி.யைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைப் போட இன்னும் எங்ககிட்ட கம்ப்யூட்டர் இருக்கிறது உங்க அதிர்ஷ்டம்" என்றார். கோபிக்கவில்லை. இரண்டு படங்களையும் அருகருகே ஓடவிட்டார்.

"இது உங்களோடது. குழாய் முழுக்க நல்லா இருக்கு. இந்த ஒரு இடத்துல மட்டும் விரலால பிடிச்ச மாதிரி இறுக்கம். அங்க ரத்தம் உறைஞ்சு பட்டுனு அடைச்சிடுச்சு, அட்டாக் வந்துடுச்சு. அந்த இடத்தைத் திறந்து ஸ்டென்ட் வெச்சாங்க. அது சரியான வைத்தியம்."

சம்பந்தி எங்களைப் பெருமையாகப் பார்த்தார்.

"இது சாரோடது."

எனக்கே தெரிந்தது. ஒரு இடத்தில் இல்லை. மேலிருந்து கீழே வரை தடித்தும் மெலிந்தும், மெலிந்தும் தடித்தும்... ஒன்றில் இல்லை, மூன்றிலும்.

"வருஷக்கணக்கா சுகர் இருந்தா பல பேருக்கு அடைப்பு ஒரு இடத்தோட நிக்காது. குழாய் நெடுக இருக்கும். இதுல ஸ்டென்ட் வைக்கணும்னா ஒண்ணு பக்கத்துல ஒண்ணா வெச்சுக்கிட்டே போகணும். சுகர்காரங்களுக்கு ஸ்டென்ட்டுக்குள்ள மறுபடி அடைக்கிற வாய்ப்பும் அதிகம். பைபாஸ்னா இந்த அடைப்பு எல்லாத்தையும் தாண்டி ரத்தம் போக வேற வழி பண்றோம். இவர் மாதிரி இருக்கிறவங்களுக்கு நாள்பட அதுதான் நல்லா நிக்குது."

"அப்படின்னா சுகர் இருந்தாலே ஆபரேஷன்தானா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. ஒரே இடத்துல அடைப்புன்னா சுகர் இருக்கிறவங்களுக்கும் ஸ்டென்ட்தான் வைப்போம். சுகர் இல்லாதவங்களுக்கும் பைபாஸ் தேவைப்படலாம். எத்தனை குழாய், எந்த இடம், இதயம் எப்படி வேலை செய்யுது, சுகர் இருக்கா... எல்லாத்தையும் சேர்த்துத்தான் முடிவு. நானும் சர்ஜனும் உட்கார்ந்து பேசித்தான் சொல்றோம்."

"ஆனா எனக்கு வலியே இல்லையே?" என்றார் இவர், விடாமல்.

"அதுதான் சார் எங்களுக்குப் பயம். சுகர் நரம்பையும் மந்தமாக்கும். அவருக்கு அலாரம் அடிச்சது, ஓடி வந்தார். உங்களுக்கு அலாரமே வேலை செய்யல."

டாக்டர் சம்பந்தி பக்கம் திரும்பினார். "நீங்க மாத்திரை எல்லாம் தினமும் போடறீங்கதானே?"

"அது... ஒரு நாள் வுட்டு ஒரு நாள் டாக்டர். நல்லாத்தான கீறேன்?"

"யார் விடச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நானாத்தான்..."

"சுகர் இல்லைங்கிறது உங்களுக்கு ஒரு சலுகை. லைசென்ஸ் இல்ல. உங்க டாக்டர் சொல்லாம ஒரு மாத்திரையைக்கூட விடக்கூடாது. இன்னிக்கே போய் அவரைப் பாருங்க."

சாட்சி சொல்ல வந்தவர் குற்றவாளியாகி, சி.டி.யை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். "எல்லாம் புரியுது" என்றார் இவர். "வளைகாப்பு முடியட்டும். அதுவரைக்கும் ரெண்டு ஸ்டென்ட் வைக்கச் சொல்லு. அப்புறம் ஆபரேஷனைப் பத்திப் பேசலாம்."

பெண்ணைக் கொடுத்தவர்களுக்கு என்று நம் வீடுகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தேதி குறிப்பது பிள்ளை வீட்டார். தலையாட்டுவது நாங்கள். கல்யாணமான நாளிலிருந்து சம்பந்தி வீட்டில் நான் எதையும் மாற்றச் சொன்னதில்லை, பாயசத்தில் சர்க்கரையைக்கூட. அன்றைக்குச் சொன்னேன்.

"அண்ணா, வளைகாப்புத் தேதிய மாத்துங்க."

"இன்னாம்மா இது... எல்லாருக்கும் சொல்லியாச்சே?"

"கேக்கறேன்னு நினைக்காதீங்கண்ணா. சொல்றேன். ஒன்பதாம் மாசம் வெச்சுக்கலாம். இவர் இந்த வாரம் ஆஸ்பத்திரியில சேர்றார்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சம்பந்தி தலையைச் சொறிந்தார். "எனுக்கு ஒண்ணும் இல்லம்மா. எங்கூட்டுக்காரிய நெனச்சாத்தான்... நீயே பேசிடு" என்று மனைவிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, என் கையில் கொடுத்துவிட்டார்.

சம்பந்தியம்மா கறாரானவர். கல்யாணத்தில் கட்டி முடித்த மாலையையே அவிழ்த்துத் திரும்பக் கட்ட வைத்தவர். நான் ஒரே மூச்சில் விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்காம்மா இப்பிடி பயந்துகினு பேசற? மொதல்ல ஆபரேசன முடிங்க. வளையல் கட எங்கயும் ஓடிப் பூடாது. அஞ்சு, ஏழு, ஒம்போதுன்னு மூணு மாசம் எதுக்கு வெச்சிகீறாங்க? இதுக்குத்தான். ஊருக்கு நான் சொல்லிக்கிறேன்." பிறகு குரல் மாறியது. "யோவ், அங்கதான கீற? சம்பந்தி மனசக் கெடுக்காத. நீ காலைல மாத்தர போட்டியா?"

சம்பந்தி போனைப் பிடுங்கி அணைத்தார்.

இவரிடம் இப்போது காரணம் எதுவும் மிச்சமில்லை. தேதியும் போயிற்று, சி.டி.யும் போயிற்று. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாகக் கேட்டார்: "நெஞ்செலும்பை... அறுத்துத்தான் திறப்பாங்களா?"

அப்போதுதான் புரிந்தது. வளைகாப்பு ஒரு பாதி. மறுபாதி பயம். அதை என்னிடம்கூடச் சொல்ல முடியாமல், சம்பந்தியின் ஸ்டென்ட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார் மனிதர்.

நான் பதில் சொல்வதற்குள் சம்பந்தி அவர் தோளில் கை போட்டார். "அறுப்பாங்க சம்பந்தி. வலிக்கும். பொய் சொல்லி இன்னா ஆவப் போவுது? எனக்கு ஸ்டென்ட் வெக்க மணிக்கட்டுல ஊசி குத்துனதுக்கே நான் போட்ட சத்தம் கீழ் மாடி வரிக்கும் கேட்டுச்சாம். நீங்க நல்லாக் கத்துங்க. நான் வெளிய ஒக்காந்துகினு கீறேன்."

இவர் சிரித்துவிட்டார். பத்து நாளில் முதல் சிரிப்பு. எழுந்து, "வா, டாக்டர்கிட்ட சரின்னு சொல்லிட்டு வந்துடலாம்" என்றார் என்னிடம்.

அடுத்த வாரம் ஆபரேஷன் நடந்தது. அதற்கு முன் இன்சுலின் போட்டுச் சர்க்கரையை ஒரு வழிக்குக் கொண்டுவந்தார்கள். சம்பந்தி சொன்னபடியே வெளியே உட்கார்ந்திருந்தார். எல்லாம் சுலபமாக முடிந்தது என்று எழுத மாட்டேன். இருமும்போதெல்லாம் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமினார். பைபாஸுக்காக ரத்தக் குழாய் எடுத்த கால் புண் ஆறவே மாட்டேன் என்றது. சர்க்கரை உடம்பு அல்லவா? தினமும் டிரெஸ்ஸிங். எனக்குச் சலிப்பு வந்த நாட்கள் உண்டு. விட்ட நாள் கிடையாது.

இப்போது மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் காலையில் நடக்கிறார். வாயை மூடிக்கொண்டு மூச்சு விடுகிறார். அதைப் பக்கத்தில் நடந்துகொண்டே பார்ப்பது என் வேலை.

எனக்கு வைத்தியம் தெரியாது. கேள்வி கேட்கத் தெரியும். உங்கள் வீட்டில் பல வருடமாகச் சர்க்கரை இருக்கிறவர் படியேறும்போது நின்றால், வலி இருக்கிறதா என்று மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள். மூச்சைக் கவனியுங்கள். டாக்டர் ஒரு வழி சொன்னால் ஏன் என்று அவரிடமே கேளுங்கள். சந்தேகமா, இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள். சம்பந்தியிடம் கேட்காதீர்கள். படத்தை ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால், அடுத்தவர் படத்தோடு வேண்டாம். உங்கள் போன வருட ரிப்போர்ட்டோடு ஒப்பிடுங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை வளைகாப்பு. சீர் வரிசையில் முதல் தட்டை எடுத்துக்கொண்டு போவது பெண்ணின் அப்பா. இவரோ இன்னும் எடை தூக்கக் கூடாது. "முதல் தட்டை நான் எடுக்காம எப்படி?" என்று இரண்டு நாளாகப் புலம்பல். முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று நேற்று சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டேன்.

"தட்டா? நல்லா கீதே கத! அதெல்லாம் எங்க பசங்க வண்டியில இருந்து எறக்கிப்பாங்க. அவுரு சும்மா கைய வீசிகினு நடந்து வரணும். வெறுங்கையோட வரச் சொல்லு... ஆங், சொல்ட்டேன்!"

பெண்ணைக் கொடுத்தவரை வெறுங்கையோடு வரச் சொல்லி உத்தரவு போடும் சம்பந்தி வீடு தமிழ்நாட்டில் ஒன்றாவது இருக்கிறது — திருப்போரூரில்!