'பயம்' என்று எழுதிக் கொடுத்த ஜெபச்சீட்டு

என் மனைவி எஸ்தருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று மருத்துவர் என்னிடம் சொன்னது மார்ச் மாதம், முதல் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு. அவளிடம் 'கணையத்தில் வீக்கம்' என்றேன். ராஜபாளையம் ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஜெபிக்கவே வரவில்லை.

எதையும் படித்துப் பார்க்கிறவன் நான். பயத்திலும் கவலையிலும் சுரக்கும் ஹார்மோன்கள் கணையப் புற்றுச் செல்களைப் பரவத் தூண்டக்கூடும் என்று வாசித்தேன். அதற்குப் பிறகு அவள் முகம் வாடினாலே நடுங்கினேன். அவள் கண்கலங்கிய நாட்களை டைரியில் குறித்தேன். வீட்டுக்கு வந்தவர்களை அழக் கூடாது என்று அதட்டினேன். ஏப்ரல் கடைசியில் நோய் கல்லீரலுக்குப் பரவியிருந்தது. டைரியைப் புரட்டினேன். அந்த மாதத்தில் நான்கு நாட்கள் குறித்திருந்தேன். காக்கத் தவறியவன் நான்தான் என்று நம்பினேன். 

சபையார் ஜெபிப்பதற்காக எழுதிக் கொடுத்த ஜெபச்சீட்டில் நோயின் பெயரை எழுதவில்லை. 'என் மனைவிக்குப் பயம் நீங்க' என்று மட்டும் எழுதினேன். எங்கள் பக்கம் பயம் என்றால் பேய்க்குப் பயந்தது. அடுத்த சனிக்கிழமை சபைப் பெண்கள் மூவர் பூசி ஜெபிக்கும் எண்ணெய்க் குப்பியோடு வந்துவிட்டார்கள்.

"மதினி, எங்க வச்சுப் பயந்தீக? செண்பகத்தோப்புக் காட்டுப் பக்கம் தனியாப் போனீகளா?" என்றார் மூத்தவர்.

எஸ்தர் என்னைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பேயெல்லாம் இல்ல மதினி, கேன்சர். பேயா இருந்தா இவுக டைரியப் பாத்தே ஓடியிருக்கும்."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"டாக்டரப் பாத்த அன்னைக்கே உங்க மூஞ்சி சொல்லிருச்சுங்க. நான் அழுதா நீங்க நடுங்குதீகன்னு, குளிக்கப் போயில்ல அழுதேன்!"

ஐந்து பேரும் அழுதோம். அழுதுகொண்டே நோயின் பெயரைச் சொல்லி ஜெபித்தோம்.

பிறகு மருத்துவரிடம் டைரியைக் காட்டினேன்.

"நீங்க படிச்சது ஆய்வுக்கூடத்துல செல்லுலயும் எலியிலயும் பாத்தது சார். இவங்க அழுததாலதான் பரவுச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார்.

இது ஆகஸ்ட். நோய் நீங்கவில்லை. அரை தம்ளர் கஞ்சிக்கு மேல் அவளுக்கு இறங்கவில்லை. சுகம் ஏன் தரவில்லை என்று ஆண்டவரிடம் தினமும் கேட்கிறேன். ஆனால் அவள் இப்போது தனியே போய் அழுவதில்லை; என் தோளில் சாய்ந்து அழுகிறாள். அழுதபின் தூங்குகிறாள். இதைத்தான் அவர் தந்த பதில் என்று சாட்சியாகச் சொல்கிறேன்.

பெயர் சொல்லாத நோய் உங்கள் வீட்டிலும் இருக்கிறதா? பெயரைச் சொல்லியே ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் தாங்குவார். பக்கத்தில் படுத்திருப்பவரும் தாங்குவார்.